அலுமாரியில் ஒரு சிவப்புக் கோடு

கல்முனைப் பக்கத்து அரச அலுவலகம் ஒன்றின் காணிப் பிரிவில் பளீல் இருபத்தாறு வருடங்களாக எழுதுவினைஞர். அவரைச் சோம்பேறி என்று அவருக்கு ஆகாதவர்கள்கூடச் சொன்னதில்லை. எட்டரைக்கு முன் கையொப்பம் வைப்பார். மதிய லுஹர் தொழுதுவிட்டுச் சொன்ன நேரத்துக்குக் கதிரையில் இருப்பார். ஐம்பத்திரண்டாவது வயதில் மூன்று நாள் உற்பத்தித்திறன் பயிற்சிக்குப் போனார். திரும்பி வரும்போது, மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்பது விளங்கிவிட்டவர் போன்ற முகத்துடன் வந்தார்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அடையாளம் என்பதே அங்கே படித்த பாடம். முதலில் குப்பைக்கூடையைச் சுற்றி மஞ்சள் வட்டம் விழுந்தது. பிறகு தரை கூட்டும் தும்புத்தடிக்கு ஒரு கட்டம், தேநீர்க் கோப்பைக்கு ஒரு வளையம். வீட்டுக் குசினியில் உப்பு டின்னில் ‘உப்பு’ என்று ஒட்டினார்.

“இருவது வருஷமா உப்ப நாக்கால அறிஞ்சன். இனி வாசிச்சுத்தான் போடோணுமா?” என்றாள் மனைவி ஸுலைஹா. “என்ட நெத்தியிலயும் ஒண்டு ஒட்டி விடுங்க. மறந்து போயிருவீங்க.”

“உனக்கு இது விளங்காது.”

“ஓம், விளங்காது. செருப்புக்குக் கோடு கீறின ஆளோட என்னத்தக் கதைக்க?”

அவருடைய உச்சப் படைப்பு காணிப் பிரிவின் அலுமாரிதான். காணிப் பத்திரங்கள் அடங்கிய இருநூற்றுப் பதினான்கு கோவைகள், எல்லாம் இலக்கமிட்டவை. அவற்றின் முதுகுகளுக்குக் குறுக்கே, மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரே சிவப்புக் கோடு. ஒரு கோவை இடம் மாறினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பளீலுக்கு உடைந்த கோடு பொறுக்காது. சிறந்த அலுவலகப் போட்டி முடியும்வரை அவசரம் என்றாலொழியக் கோவைகளை வெளியே எடுக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். எது அவசரம் என்று தீர்மானிப்பவரும் அவரே. ஒரு பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அது எதற்காக இருக்கிறது என்ற கேள்வி எந்த லேபலிலும் அடங்காததால் விடுபட்டுப் போயிருந்தது.

போட்டி நடுவர்கள் வந்த நாள், ஊரார் தங்கள் அலுவல்களுக்கு வரும் பொதுமக்கள் தினமாக அமைந்துவிட்டது. கூட்டம் அசிங்கமாகத் தெரியும் என்று ஒன்பது கதிரைகளை நான்காக்கியிருந்தார் பளீல். அவற்றில் ஒன்றில் மருதமுனை முனவ்வறா இருந்தாள். காலமான கணவரின் வயற்காணி அனுமதிப்பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டுப் பதினொரு மாதமாக வருகிறாள். பெரும்போக விதைப்புக்கு இன்னும் இரண்டு கிழமை. பெயர் மாறாவிட்டால் உர மானியம் கிடையாது.

நடுவர்களின் தலைவர் காரைதீவு செல்லத்தம்பி. “எந்தக் கோவையையும் முப்பது வினாடிக்குள்ள எடுப்பீங்களாமே?” என்றவர் முனவ்வறாவைப் பார்த்தார். “அம்மா, உங்கட கோவையையே எடுக்கச் சொல்லுவம். பேரச் சொல்லுங்க.”

அவள் பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை, பளீல் எழுந்தார். நூற்று முப்பத்தேழு. ஒன்பது வினாடி. நடுவர்கள் கைதட்டினார்கள். பளீலின் கண் கலங்கியது.

முனவ்வறா கோவையை வாங்கித் திறந்தாள். கிராம சேவகரின் சிபாரிசு, மரணச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மேலதிகாரியின் கையொப்பத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“சேர், ஒம்பது வினாடியில எடுத்திட்டீங்க. மாஷா அல்லாஹ். அப்ப பதினொரு மாசமா ஏன் சேர் எடுக்கல்ல?”

செல்லத்தம்பி புள்ளித்தாளைப் புரட்டினார். அந்தக் கேள்விக்கு அதில் நிரல் இல்லை. “சரி, இப்ப திருப்பி வைக்கிற நேரத்தையும் பாப்பம்” என்றார்.

பளீல் கையை நீட்டினார். “தாங்க. கோடு உடைஞ்சு கிடக்கு.”

“கிடக்கட்டும் சேர்” என்று கோவையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் மேலதிகாரியின் அறைக்குள் நடந்தாள். கதவுக்கு வெளியே நடுவர்கள் நிற்கையில் எந்த மேலதிகாரிதான் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்பார்? மூன்று நிமிடத்தில் கையொப்பம் விழுந்தது. கோவை அடுத்த நடவடிக்கைக்காக அம்பாறை மாவட்ட அலுவலகத்துக்குப் போயிற்று.

பளீல் அந்த இடைவெளியைப் பார்த்தபடி நின்றார். சிவப்புக் கோட்டில் ஒரு பல் விழுந்ததுபோல் இருந்தது. நடுவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் புதுக் கோவை ஒன்றை எடுத்து, இலக்கம் ஒட்டி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறிச் செருகினார்.

அலுவலகத்துக்கு முதலிடம் கிடைத்தது. நூற்று முப்பத்தேழாம் கோவை இன்றும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. கேட்டால் ஒன்பது வினாடியில் எடுத்துத் தருவார்.