பச்சை அக்காவின் இடது கண்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘பச்சை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை ஒரு படிகத்துக்குள் செலுத்திப் பச்சை ஒளியாக மாற்றுவது அவள் வேலை. படிகம் சர்க்கரைக் கட்டி அளவுதான். ஆனால் கோணம் மயிரிழை பிசகினாலும் பச்சை வராது. அதோடு மல்லுக்கட்டியே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது என்பார் பேருந்து ஓட்டுநரான அவள் கணவர்.

அன்று மதியம் படிகத்தில் பச்சை லேசாக எட்டிப் பார்த்தது. பாதுகாப்புக் கண்ணாடி வழியாக அந்த மங்கல் நிறம் சரியாகத் தெரியவில்லை. ஆசை தாங்காமல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். அந்த நேரம் பார்த்து, லேசர் கதிரைத் திருப்பிவிடும் சின்ன ஆடி, திருகு தளர்ந்து அவள் பக்கம் சாய்ந்தது. பதறிப்போய் லேசரை அணைத்தாள். வலி இல்லை. வெளிச்சமும் இல்லை. பயமே அதுதான், அகச்சிவப்பு கண்ணில் பட்டால் பட்டதே தெரியாது.

வீட்டுக்கு வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். இடது கண்ணில் ஒரு கரும்புள்ளி மிதந்தது.

“சுவர்ல என்ன தேடுறே?” என்றார் கணவர்.

சொன்னாள். அவர் திட்டவில்லை. “செருப்பப் போடு, கிளம்பலாம்” என்றார்.

மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டதும் எல்லாமே மங்கிப்போனது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு போயிட்டா என்னங்க பண்ணுவேன்?”

“ஊரையே கூட்டிட்டுப் போறவன், உன்னக் கூட்டிட்டுப் போக மாட்டேனா?”

கண் மருத்துவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“விழித்திரை சுத்தமா இருக்கும்மா. சூடு பட்ட தடம் எங்கயும் இல்ல.”

“அப்ப அந்தப் புள்ளி?”

“கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்லியில மிதக்கிற தூசி மாதிரி. ரொம்ப நாளாவே இருந்திருக்கும். இன்னைக்குத்தான் தேடிப் பார்த்திருக்கீங்க. வயசானா நிறைய பேருக்கு வர்றதுதான்.”

“எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்றீங்க.”

“ஆமா. அது மட்டும்தான் ஆயிருக்கு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கணவர் வெளியே போய் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் நடந்ததை ஒளிக்காமல் கூட இருப்பவர்களிடம் சொன்னாள். எல்லா ஆடிகளின் திருகுகளையும் சேர்ந்து முடுக்கினார்கள். படிகத்துக்கு எதிரே ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். இனி யாரும் கண்ணாடியைத் தூக்க வேண்டியதில்லை. அந்த வாரக் கடைசியில், கோணத்தைத் தொட்டுத் தொட்டுத் திருப்பிக்கொண்டிருந்தபோது, கேமராவின் திரை முழுக்கப் பச்சை பொங்கி நின்றது. அசையவே இல்லை. யாரோ கைதட்டினார்கள். அவள் முக்காலியில் உட்கார்ந்து நிதானமாக மூச்சு விட்டாள்.

மாலையில் கணவர் ஓட்டும் பேருந்திலேயே ஏறினாள். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். வீட்டு நிறுத்தம் வந்தபோது அவர் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், திரும்பி வரும்போதுதான் இறக்கிவிட்டார்.