அறுக்காத வயிறு

அடி அண்ணாமலை ஊரில் ஆடு செத்தாலும் மாடு செத்தாலும் ராஜம்மாள் மூக்கை நுழைக்காமல் இருக்கமாட்டாள். கால்நடை ஆஸ்பத்திரியில் நடத்திய மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவள். செத்த மாட்டை ஏரியில் தள்ளாதே, கிணற்றோரம் குழி வெட்டாதே, ஆறடி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேரிடம் கெட்ட பெயர் வாங்கியிருந்தாள்.

போன வருஷம் பக்கத்து வீட்டுக் காசியம்மாளின் கிடா திடீரென்று விழுந்து செத்தது. மூக்கில் ரத்தம். சூட்டோடு சூடாகக் கறி போடக் கத்தி தீட்டியவர்களுக்குக் குறுக்கே போய் நின்றாள் ராஜம்மாள்.

"அடைப்பான் நோயா இருந்தா, அறுக்கிறவன் கையிலயே கருப்பா கொப்புளம் கிளம்பும். ஆளையே தூக்கிடும்!"

கறி போன ஆத்திரம் காசியம்மாளுக்கு. "ஊருக்குத்தான் உபதேசம். உன் வூட்ல விழட்டும், அப்ப பாக்கலாம்" என்றாள்.

விழுந்தது. ஆவணி மாசத்தில், காலை எட்டு மணிக்கு. வீட்டிலேயே பிறந்து வளர்ந்த செவலைப் பசு. நிறைசினை, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. கால்நடை டாக்டர் சிந்துஜாவுக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் மாட்டின் கண் நிலைகுத்திவிட்டது. மூக்கிலிருந்து கறுத்த ரத்தம் வடிந்தது. உறையவே இல்லை.

ராஜம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை.

"ஐயோ, வயித்தைப் பாரு!" என்று அலறினார் புருஷன் இராமலிங்கம்.

செத்த மாட்டின் வயிறு ஒரு பக்கமாக மேடு தட்டி எழும்பி அடங்கியது. உள்ளே கன்று உதைத்தது! எத்தனையோ மாட்டுப் பிரசவம் பார்த்தவள்தான், ஆனால் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

இராமலிங்கம் உள்ளே ஓடிக் கத்தியோடு வந்தார். ராஜம்மாள் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாங்க. ரத்தத்தைப் பாருங்க. அறுக்காதீங்க."

"உள்ள உசுரு இருக்குது ராஜி! ரெண்டு நிமிஷம் போனா அதுவும் செத்துடும். கையை விடு!"

"உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்னாங்க பண்ணுவேன்?"

நெல் மூட்டை தூக்குகிற மனுஷன். உதறியிருந்தால் அவள் ஓர் ஓரமாகப் போய் விழுந்திருப்பாள். அவர் உதறவில்லை. வயிறு இன்னொரு முறை எழும்பியது. பிறகு லேசாக ஒரு அசைவு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. "பாவி நான், பாவி" என்று ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டாள் ராஜம்மாள். அப்போதும் மறு கை அவர் மணிக்கட்டை விடவில்லை.

அரை மணி நேரத்தில் டாக்டர் வந்தார். கையுறை போட்டுக்கொண்டு மாட்டின் காதிலிருந்து ரத்தம் எடுத்தார். ரிசல்ட் வரும்வரை அடைப்பான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். கொல்லையில் ஜேசிபி ஆறடி தோண்டியது. சுண்ணாம்பு, மாடு, ரத்தம் ஊறிய வைக்கோல், அதன்மேல் மறுபடி சுண்ணாம்பு. இராமலிங்கம் அன்றைக்கு மூடிய வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சோற்றைப் போட்டால் தின்றார், எழுந்து போனார்.

ஐந்தாம் நாள் டாக்டரே வீடு தேடி வந்தார்.

"ரிசல்ட் வந்துடுச்சுக்கா. அடைப்பான் இல்ல."

கண்ணாடி விரியன் கடித்திருக்கலாம், அந்த விஷத்திலும் ரத்தம் உறையாமல் இப்படித்தான் வடியும் என்றார். "ஆனா நீங்க செஞ்சதுதான் சரி. பாத்த உடனே யாராலயும் சொல்ல முடியாது. நானா இருந்தாலும் அறுக்க விட்டிருக்க மாட்டேன்."

சரியாம்! அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ராஜம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கதவோரம் நின்றிருந்த இராமலிங்கம் ஐந்து நாளில் முதல் தடவையாகப் பேசினார்.

"கிடேரியா, காளைக் கன்னா?"

வயிற்றைத் திறக்காமல் புதைத்த மாடு. உள்ளே இருந்தது எதுவென்று யாருக்கும் தெரியாது.