அம்மா நின்ற தேர்தல்

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அம்மா நின்றாள், அம்மா ஜெயித்தாள், அப்பா தலைவரானார். கிண்டலுக்குச் சொல்லவில்லை. டீக்கடையில் அப்பாவைத்தான் 'தலைவரே' என்று கூப்பிட்டார்கள். அம்மா வெறும் 'தலைவரம்மா'. வாத்தியார் மனைவியை வாத்தியாரம்மா என்கிற மாதிரிதான் அதுவும். அப்போது எனக்கு எட்டு வயது. எனக்கும் அப்பாதான் தலைவர்.

அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. பெண்கள் ஊருக்கு வெளியே இருந்த மல்லாட்டைக் கொல்லைக் கிணறு வரைக்கும் குடம் தூக்கினார்கள். யார் கேட்டாலும் அப்பா, "பாத்துக்கினுதான் இருக்கேன்" என்பார். ஒலக்கூர் ஒன்றிய அலுவலகத்தில் தலைவர்கள் கூட்டம் நடந்த நாளில் அவருக்குத் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். "நீ போவாத, நான் போன்ல பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பைக் தெருமுனை திரும்பியதும் அம்மா புடவை மாற்றினாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அலுவலக வாசலில் நின்ற ஊழியர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தலைவர் வரலீங்களாம்மா?"

"வந்துட்டனே."

"நீங்க இல்லம்மா. தலைவரு."

"ஓட்டு எனக்குத்தாங்க போட்டாங்க. வழி வுடுங்க."

உள்ளே சிரித்தார்கள். வேறு ஊர்த் தலைவர் ஒருவர் மிகவும் அக்கறையாக, "ஏம்மா, தலைவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முறை வந்ததும் எழுந்தாள். என் தோளில் கை வைத்துக்கொண்டே பேசினாள். மோட்டார் வரவில்லையென்றால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் காலிக் குடத்தோடு இங்கேதான் வந்து உட்காருவோம் என்றாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு வந்துடும், தலைவர்" என்றார். 'அம்மா' சேர்க்கவில்லை.

மோட்டார் வந்தது. தன் போனால்தான் வந்தது என்று அப்பா டீக்கடையில் சொன்னார். ஊரும் நம்பியது. நம்புவதற்கு என்ன, காசா பணமா? அடுத்த தேர்தலில் ஒதுக்கீடு மாறியது. அப்பாவே நின்றார், தோற்றார். அவரோடு ஓட்டுக் கேட்கப் போன கும்பலுக்கு அம்மா சோறு வடித்துப் போட்டாள். நீ நிற்கிறாயா என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

நான் சொல்ல வந்தது, கூட்டம் முடிந்து திரும்பிய பஸ்ஸைப் பற்றி. பஸ்ஸில் நல்ல நெரிசல். எனக்கு எப்படியோ ஒரு சீட்டின் ஓரத்தில் உட்கார இடம் கிடைத்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை, ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் பக்கம் குனிந்து, ரகசியம் மாதிரி சொன்னாள்.

"அடுத்த தடவையும் நிக்கணும்டி."

எனக்குப் பாவமாக இருந்தது.

"வாணாம்மா, காலு வலிக்கும்" என்று நகர்ந்து இடம் கொடுத்தேன்.