மசூர் காக்காவின் வலது கை

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் மசூர் காக்கா ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறார். பிழிந்ததைத் திரும்ப வாளித் தண்ணீரிலேயே போட்டு, மறுபடி எடுத்துப் பிழிகிறார். மேசை துடைக்கப் போகிறார் என்று நினைத்துச் சாப்பிட வந்தவர்கள் முழங்கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். "நீங்க சாப்பிடுங்க, இது என்ட கைக்கு மருந்து" என்பார்.

கல்முனைக் கடைத்தெருவில் பதினெட்டு வருடமாகக் கொத்து ரொட்டி போடுகிறவர். ஆள் ஒல்லி, வாய் ஓயாது. ரொட்டியைக் கொத்தும் இரண்டு தகடுகளின் முதுகிலும் பெருவிரலை அழுத்தி இரும்புக் கல்லில் ஓங்கி அடிப்பார். சத்தம் தெருமுனை வரை போகும். அந்தச் சத்தத்துக்கே பாதிச் சனம் வரும். வெட்கத்தை விட்டுச் சொன்னால் நானும் அதில் ஒருவன்.

இந்த வருடத் தொடக்கத்தில் சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் மணல் சறுக்கி மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். விழும்போது வலது உள்ளங்கையை ஊன்றிவிட்டார். "சுளுக்குத்தானே தம்பி எண்டு அண்டைக்கே நாப்பது கொத்து அடிச்சன்" என்று அதைப் பெருமையாக வேறு சொல்வார். மூன்று கிழமை எண்ணெய் போட்டு உருவினார். பெருவிரலுக்கு அடியில் இருக்கிற குழியைத் தொட்டால் உயிர் போனது. எக்ஸ்றே எடுத்துப் பார்த்தால், மணிக்கட்டுக்குள் கஜு முந்திரிக் கொட்டை அளவு எலும்பொன்று இரண்டாகக் கிடந்தது. இரத்தம் சரியாகப் போகாத எலும்பாம், சுணங்கித்தான் ஒட்டுமாம். மூன்று மாதம் கையில் பிளாஸ்டர்.

அதைக் கழற்றிய பிறகு கைப்பயிற்சி கொடுக்கும் றுஸ்தா மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். சாவியைத் திருகு, ஊசியை எடு, போத்தலைப் பிடி, பையைத் தூக்கு என்று நாலு வேலை கொடுத்தாராம். ஒரே கைக்குள் இத்தனை பிடி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்ததாம். இப்போது ஊரில் ஒருவரையும் விடுவதில்லை. தேநீர்க் கோப்பையின் காதை நான் இரண்டு விரலால் கிள்ளியதைப் பார்த்து, "ஒங்களுக்கு நுனிப் பிடி மட்டும்தான் தம்பி. ஒரு தேங்காய ஒழுங்காப் பிடிக்க ஏலாது" என்றார். வீட்டில் சோதித்துப் பார்த்தேன். மனுசன் சொன்னது சரி.

சிக்கல் என்னவென்றால், மிஸ் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "காக்கா, மெல்லமா அடிங்க. வலது கையால ஓங்கி அடிச்சா எலும்பு திரும்பவும் விலகும். பிறகு ஒப்பறேசன்தான்." முதலாளி அப்துல் கபூர் ஹாஜியார் வேறொன்று சொன்னார். "சத்தம் இல்லாட்டி யாவாரம் இல்ல மசூர். வெள்ளிக்கிழமை அடிச்சிக் காட்டுங்க. சரிவராட்டி பொத்துவில் மிஹ்லாரயே வெச்சிக்கிறன்." மிஹ்லார் என்பவர் இந்த மாதங்களில் கொத்துக் கல்லில் நின்ற பதில் ஆள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் முன் மேசையைப் பிடித்துவிட்டேன். காக்கா தகடுகளின் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்கியிருந்தார், மிஸ்ஸின் யோசனை. ரொட்டியையும் முட்டையையும் போட்டு அடிக்கத் தொடங்கினார். சத்தமே இல்லை.

"என்ன காக்கா, கொத்தா போடுறீங்க, கீரையா அரியிறீங்க?" என்றான் பின்னால் ஒருவன். சிரித்தார்கள். எனக்கு அவனை ஓங்கி ஒன்று போட வேண்டும்போல் இருந்தது. வீதியில் மெதுவாக்கிய ஒரு மோட்டார் சைக்கிள் நிற்காமலே போனது. ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பி மிஹ்லாரைப் பார்த்தார். காக்காவின் வலது கையின் பெருவிரல் மெல்ல ஊர்ந்து தகட்டின் முதுகில் ஏறியது. ஓங்கி அடித்து எலும்பை உடைத்துக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன்.

அந்தப் பெருவிரலை அவரே இறக்கினார். ரொட்டி முழுவதையும் கல்லின் வலது பக்கம் ஒதுக்கினார். பிறகு, வலது கை முட்டையையும் ரொட்டியையும் பதமாக வெட்டிக்கொண்டிருக்க, இடது கைத் தகட்டைத் தோளுக்கு மேலே தூக்கி, ஒன்றுமே இல்லாத வெறும் கல்லில், தெருமுனைக்குக் கேட்க ஓங்கிப் போட்டார்.