பின்கதவில் பதினோராவது பெயர்

பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சிலருக்கு அந்த வாசனையில் தலை வலிக்கும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும். எனக்கோ ஒரு மாசி மாதத்து மத்தியானமும், ஈரம் காயாத சிவப்பு எழுத்துகளும், கையில் கந்தல் துணியோடு அவற்றின் முன்னால் போய் நின்ற என் அப்பாவும் ஞாபகத்துக்கு வந்து, "போங்கப்பா, நீங்களும் உங்க வெக்கமும்" என்று வாய்விட்டுச் சொல்லத் தோன்றும்.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில் லாரி முதலாளி ஒருவர் ஃபுட்பால் டீம் வைத்திருந்தார். கபடிக்கு உயிரை விடுகிற ஊரில் ஃபுட்பாலுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவருக்கு அந்தப் பைத்தியம், அவ்வளவுதான். ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, வேறு வேலைக்குப் போகக் கூடாது, விடிந்தாலும் பொழுது சாய்ந்தாலும் பந்துதான். எடப்பாடியில் தறியை விட்டுவிட்டு வந்தவர்களும், தம்மம்பட்டியில் தோட்டத்தை அண்ணன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர்களும் மஞ்சள் பனியன் போட்டு ஓடியதால் சுற்று வட்டாரத்தில் "மஞ்ச டீம்" என்றால்தான் தெரியும். என் அப்பா முத்துசாமி அதில் "பேக்கு". அதாவது கோல் போடுகிறவர் இல்லை, போட வருகிறவனை மறிக்கிறவர்.

டீமுக்கென்று ஒரு லாரி இருந்தது. வார நாளில் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களை ஏற்றும், அதனால் மேட்சுக்குப் போய் இறங்குகிறபோது எல்லார் தலையிலும் சோளத்தூசி படிந்திருக்கும். அந்த லாரியின் பின்கதவில்தான் வினையே இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, வண்டி ஓட லாயக்குதான் என்று சான்று வாங்கும் "எஃப்.சி."க்கு அதிகாரி முன்னால் போய் நிற்பதற்காக எந்த லாரியும் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கும். மற்ற வண்டிகளின் பின்கதவில் குலதெய்வத்தின் பெயரோ பிள்ளைகளின் பெயரோ இருக்க, எங்கள் வண்டியில் மட்டும் டீம் ஆரம்பித்த நாளிலிருந்து விளையாடிய அத்தனை பேரிலும் தலைசிறந்த பதினோரு பேரின் பெயர் வரிசையாக இருக்கும். முதல் பெயர் சாண் உயரம், இறங்க இறங்க எழுத்து சிறுத்துக்கொண்டே வரும். ஒரு தடவை ஏறிவிட்டால் அடுத்த எஃப்.சி. வரைக்கும் சேலம், ஓசூர், பெங்களூர் என்று லாரி போகிற ரோடெல்லாம் அந்தப் பெயரும் போகும்.

யார் பெயரை ஏற்றுவது என்பதை லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில், பெயிண்டர் பிரஷ்ஷை நனைத்துவிட்டுக் காத்திருக்க, ஆட்டக்காரர்களும் ஊர்க்காரர்களும் பலகைகளின் மேல் உட்கார்ந்து கத்திச் சண்டை போட்டு முடிவு செய்வார்கள். யார் யாரைச் சொன்னாலும் முதலாளி கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எத்தன கோலுங்க?" அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் பெயர் எல்லா வருஷமும் ராஜாமணி. அவர் நல்ல ஃபார்வர்டுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதி ஆட்டம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார், பந்து காலுக்கு வந்தால் தட்டுவார், சூரன் ஆகிவிடுவார். எங்கள் பக்கத்தில் முழங்கால் தேயத் தேய விழுந்து மறித்தவனுக்கு மண்ணும் சிராய்ப்பும்தான் மிச்சம். முன்னால் நிற்கிறவனுக்குக் கறிச்சோறு, பின்னால் நிற்கிறவனுக்குப் பழைய சோறு, இது என்ன நியாயம்?

அப்பாவுக்குக் கோலே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று இருந்தது, அதுதான் வம்பே. சேலத்தில் ஒரு பைனல், மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது, எதிராளி அடித்த பந்தை மறிக்கப் போய் அது அப்பாவின் முழங்காலில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போய்விட்டது. கோப்பை போனது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் "சேம்சைடு". எனக்கும் பங்கு வந்தது. ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கையில் என் பெயரைக் கூப்பிட்டால் பின் பெஞ்சிலிருந்து "சேம்சைடு புள்ள, உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வரும், வகுப்பே சிரிக்கும், சார் கூடச் சிரித்தார்.

அந்த வருஷம் முடிவு செய்தேன், அப்பாவின் பெயரை லாரியில் ஏற்றியே தீருவது என்று. வண்டி போகிற ஊரெல்லாம் முத்துசாமி என்று படிக்கட்டும், அப்புறம் எந்த வாய் சேம்சைடு என்று சொல்கிறது பார்க்கலாம். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு, அந்த சீசன் முழுக்க லாரியின் கேபின் மேலே உட்கார்ந்து, அப்பா மறித்த பந்துக்கெல்லாம் ஒவ்வொரு கோடு இழுத்தேன். தலையால் முட்டியது, காலால் தள்ளியது, கோல் கோட்டின் மேல் குறுக்கே படுத்து வயிற்றில் வாங்கியது என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ராஜாமணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நான் கோடுகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

பட்டறைக் கூட்டத்துக்கு அப்பா வரமாட்டார், வந்ததே இல்லை. அன்றைக்கும் ஏதோ டயர் வாங்கப் போயிருந்தார். பத்துப் பெயர் எழுதி முடிந்து, பதினோராவதுக்குக் கூச்சல் நடந்துகொண்டிருந்தபோது நான் நோட்டை விரித்துக்கொண்டு நடுவில் போய் நின்று படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்துக்குச் சிரித்தார்கள். மூன்றாம் பக்கத்துக்குச் சிரிப்பு அடங்கியது. கடைசிப் பக்கத்தை முடித்து, "இத்தனையும் உள்ள போயிருந்தா ராஜாமணி மாமா போட்ட கோலு பத்துமாங்க?" என்று கேட்டபோது எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதலாளி ராஜாமணியைப் பார்த்தார், ராஜாமணி தரையைப் பார்த்தார். "அம்மிணி சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்க, எழுதீருங்க" என்றார் முதலாளி. பெயிண்டர் என் கண்ணெதிரே எழுதினார், முத்துசாமி, சிவப்பில், மஞ்சள் ஓரம் வைத்து. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷம் பிற்பாடு என் கல்யாணத்தில்கூட இல்லை.

அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தபடி வழிவிட்டார்கள். பின்கதவை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தவரின் முகம் கடைசி வரிக்கு வந்ததும் சுருங்கிப்போனது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெயிண்டரின் தின்னர் டப்பாவில் கந்தலை முக்கி, சரக்கென்று ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். "ஏனுங்க, என்ன காரியம் பண்றீங்க?" என்று பெயிண்டர் கத்தினார். அப்பா சொன்னது இதுதான்: "போற ஊரெல்லாம் சேம்சைடு வண்டி போகுதுன்னு சிரிப்பானுங்க. அந்தப் பேரு நம்மூரோட போகட்டும் சாமி, உட்ருங்க." மறுநாள் எஃப்.சி., மறுபடி எழுத நேரம் இல்லை, பெயிண்டருக்கு மனசும் இல்லை. அந்த வருஷம் முழுக்க லாரி பத்துப் பெயரோடும் ஒரு சிவப்புத் தீற்றலோடும் ஓடியது.

நோட்டைப் பட்டறை அடுப்பில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை, அதைவிட, அதற்கப்புறம் ஒரு மேட்சுக்கும் போகவில்லை. அவர் மேலும் மூன்று வருஷம் விளையாடினார். அந்த மூன்று வருஷத்தை நான் பார்க்கவில்லை. அவர் வீம்பு அவருக்கு, என் வீம்பு எனக்கு, அப்பனுக்குத் தப்பாத மகள்.

இப்போது லாரியும் இல்லை, முதலாளியும் இல்லை, பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது, மைதானம் முட்டைக் குடோன் ஆகிவிட்டது. பின்கதவுகளில் பெயிண்டர் கை எழுத்தும் போய் ஸ்டிக்கர் வந்துவிட்டது. சண்டை மட்டும் போகவில்லை. போன மாதம் பழைய ஆட்கள் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து, மஞ்ச டீமின் தலைசிறந்த பதினோரு பேர் யார் என்று ராத்திரி பகலாக மோதிக்கொண்டார்கள். அதில் யாரோ ஒரு பழைய போட்டோவைப் போட்டார்கள். அதே பின்கதவு, பத்துப் பெயர், கடைசியில் தீற்றல். அழிந்தது யார் பெயர் என்று பேச்சு கிளம்பிவிட்டது: "அது எங்க பெரியப்பா பேருங்க" என்றார் ஒருவர், "எங்க மாமனாருங்க" என்றார் இன்னொருவர். பொறுக்க முடியாமல், முத்துசாமி, பேக்கு, என் அப்பா என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "எத்தன கோலுங்க?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறு வழி தெரியாமல், வெட்கத்தை விட்டு, பைனலில் சேம்சைடு போட்டாரே, அவர்தான் என்று எழுதினேன். "அப்படி ஒரு மேட்ச் ஞாபகமே இல்லீங்களே" என்று வந்தது. மற்ற யாருக்கும் இல்லை. எதை நினைத்துப் பயந்து அப்பா தன் பெயரைத் தானே அழித்தாரோ, அது ஒருத்தர் மனசிலும் இல்லை.

அப்பாவிடம் செல்போனைக் கொண்டுபோய்ப் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பெருசு பண்ணு" என்றார். பண்ணினேன். தீற்றலின் இடது ஓரத்தில் துணி படாமல் தப்பித்த ஓர் எழுத்து அரைகுறையாக நின்றது. "மு இருக்குது பாரு" என்றார் அப்பா, "அழியல." அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "இந்த ஆசை அன்னைக்கே இருந்திருக்கக் கூடாதுங்களாப்பா?" என்றேன். அவர் கட்டை விரலால் அந்தத் தீற்றலை, மேலே ஒட்டிய தூசியைத் துடைப்பதுபோல மெல்லத் தேய்த்தார். தேய்த்ததில் படம் நகர்ந்து எங்கோ ஓடிவிட்டது.

"எங்க போச்சு?" என்று பதறினார். "அதைக் கொண்டா சாமி, இன்னொருக்காப் பாத்துக்கறேன்."