அப்பாவின் ஆட்டத்திவசமும் நாற்பது நாய்களும்

ஜெர்மனியில் தூர ரயிலில் போகும் பெரிய நாய்க்கு டிக்கெட் எடுக்க வேண்டும். என் மேல்மாடியில் குடியிருக்கும் ஃபிராவ் பவுமான் என்ற அம்மா தன்னுடையதையும் நாயுடையதையும் சேர்த்துப் பரிசோதகரிடம் நீட்டுவார். ஒருமுறை நானும் அவர்களோடு போனேன். என் டிக்கெட்டை மட்டும் காணவில்லை. நான் காற்சட்டைப் பைகளைத் துழாவ, டிக்கெட் வைத்திருந்த அந்த நாய் என்னை ஒரு பார்வை பார்த்தது. இருபத்தேழு வருடமாக இந்த நாட்டில் எத்தனையோ பேரிடம் அப்படிப் பார்வை வாங்கியிருக்கிறேன். நாயிடம் வாங்கியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு ஃபிராவ் பவுமான் கொழும்பு நாய்களைப் பற்றி விசாரித்தார். அங்கே வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு நாய் இருந்தது. எங்களுக்கு அது மணி, எதிர்வீட்டுச் சிங்கள அன்ரிக்கு சுது. கூப்பிட்ட பெயருக்கெல்லாம் வாலாட்டி வீடுவீடாகச் சாப்பிட்டது. "அது யாருடைய நாய்?" என்று கேட்டார். "எல்லாருடையதும்" என்றேன். ஒழுங்கையின் பன்னிரண்டு வீடுகளும் பங்கு போட்டு, ஜெர்மனியில் நாய் வளர்ப்பவர்கள் கட்டுவதுபோல் நாய் வரி கட்டியதாக அவர் விளங்கிக்கொண்டார். உங்கள் மக்கள் எவ்வளவு ஒழுங்கானவர்கள் என்று கண் கலங்கினார். எங்களைப் பற்றி ஒருவர் நல்லது நினைக்கும்போது நான் கெடுப்பானேன்? ஆனால் வீட்டுக்கு வந்ததும் மனச்சாட்சி உறுத்தியது. பேஸ்புக்கில் தேடி, ஒருகொடவத்தையில் தெருநாய்களுக்குப் புகலிடம் நடத்தும் ஒருவரைக் கண்டுபிடித்தேன். மாதாமாதம் ஏதோ என்னால் முடிந்ததை அனுப்பத் தொடங்கினேன்.

போன வருடம் அப்பா காலமானார். நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை. பாஸ்போர்ட் காலாவதி என்று சொன்னேன். உண்மைதான், ஆனால் அதைக் காலாவதியாக விட்டவனும் நான்தான். அப்பாவின் கடைசிப் பயணத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன். அதன்பிறகு அக்கா என்னோடு கதைப்பதென்றால் தேவையான சொற்களை மட்டும் எண்ணித் தருவாள். இந்த வருடம் அப்பாவின் முதலாம் வருடத் திவசமான ஆட்டத்திவசத்துக்கு நான் வெள்ளவத்தையில் போய் இறங்கியபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "பாஸ்போர்ட் இருந்ததோ?"

திவசத்துக்கு முதியோர் இல்லம் ஒன்றில் மத்தியானச் சாப்பாடு கொடுப்பது எங்களவர்களின் வழக்கம். புலம்பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, வெளிநாட்டிலிருந்து புக் பண்ணுவதே நீங்கள்தானே.

"முதியோர் இல்லத்தில இடமில்லை. மத்தியானம் கனடாவாம், இரவுக்கு லண்டனாம். காலமை மட்டும்தான் மிச்சம். அப்பாவை இடியப்பத்தோட அனுப்பேலாது" என்றாள் அக்கா.

"நாய்களுக்குக் குடுப்பமோ, அக்கா?"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "வராதவன் வந்து நிண்டு சொல்லுற கதையைப் பார்."

ஆனாலும் ஐயருக்குப் போன் எடுத்துக் கேட்டாள். நாய் வைரவரின் வாகனம் என்று அவர் சொன்னதும் கொஞ்சம் இளகினாள். ஒரு நிபந்தனை போட்டாள். "திவசச் சாப்பாடு சைவம்தான். ஆர் திண்டாலும்."

சோறு, பருப்பு, வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் என்று விடியற்காலையிலிருந்து சமைத்தாள். திவசத்துக்கு அவள் வெங்காயம் சேர்ப்பதில்லை. நாய்களுக்கும் வெங்காயம் ஆகாது. சாஸ்திரமும் மிருக வைத்தியமும் ஒத்துப்போனதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். ஐயர் கிரியையை முடித்துப் போனதும் கிடாரங்களை மடியில் ஏந்திக்கொண்டு ஓட்டோவில் புறப்பட்டோம். கொள்கலன் லொறிகளுக்கு நடுவே போன வழியெல்லாம் பருப்பு என் காற்சட்டையில் தளும்பியது.

புகலிடத்தை நடத்தும் ரொபர்ட் அண்ணன் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாயசக் கிடாரத்தைத் திறந்து, மிதந்த உலர்திராட்சையைப் பார்த்து, "பிளம்ஸ் நாய்க்குக் கூடாது. இதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று தன் மேசைக்கு எடுத்துப் போனார்.

அக்கா வாழையிலைதான் போட வேண்டும் என்று நின்றாள். நாற்பது நாய்களுக்கு நாற்பது தலைவாழையிலை. நாய்கள் வந்தன, மணந்தன, எங்களைப் பார்த்தன, நிழலுக்குத் திரும்பிப் போயின. ஒரு கறுத்த நாய் இலையைத் தின்றுவிட்டுச் சோற்றை விட்டது. இன்னொன்று வடையைக் கவ்விக்கொண்டுபோய் மண்ணில் புதைத்தது. ஒரு கிழட்டு நாய் பூசணிக்காய்க்கு மேலேயே படுத்துவிட்டது.

அக்காவின் முகம் இருண்டது. படைத்ததைக் காகம் தொடாவிட்டால் செத்தவருக்குக் குறை என்று நம்புகிறவள் அவள். அதே கணக்கை நாய்க்கும் போட்டாள்.

"அப்பாக்கு உன்னில கோவம் போகேல்லை. அதான் சாப்பிடுறாரில்லை."

நான் நாய்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கெஞ்சினேன். தமிழில் சாப்பிடு ராசா என்றேன், சிங்களத்தில் கன்ன மல்லி என்றேன், கடைசியில் தயவுசெய்து என்பதற்கு ஜெர்மனில் பிட்டே என்றும் சொன்னேன். ஒன்று கொட்டாவி விட்டது.

"இதுகள் முகத்துவாரத்து மீன் தலையில வளந்ததுகள், தங்கச்சி" என்றார் ரொபர்ட் அண்ணன், பாயசக் கோப்பையோடு. "பின்னுக்கு மீன் தண்ணி அவிச்சு வச்சிருக்கு. ஒரு சிரட்டை ஊத்தினாப் போதும்."

"திவசமெண்டு சொல்லுறன், நீங்கள் மீனெண்டுறியள்" என்று அக்கா சீறினாள்.

நான் வாசலில் போய் இருந்துவிட்டேன். அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், நாய்கள் பருப்புச்சோறு தின்னவில்லை என்று ஒருகொடவத்தையில் ஒருவன் அழுதான் என்றால் யார் நம்புவார்கள்? சிங்கள லொறிக்காரன் ஒருவன் என்னைப் பார்த்து, அண்ணன் முறை வைத்து, "நாய் கடிச்சதா அய்யே?" என்று கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். கெதியாக ஊசி போடு என்றுவிட்டுப் போனான்.

உள்ளே நக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நாற்பதும் தலை குனிந்து இலையையும் சேர்த்து வழித்துக்கொண்டிருந்தன. அக்கா சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். ரொபர்ட் அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியோ, சாப்பிட்டுட்டார்" என்றாள்.

"அக்கா, உன்ர கை மீன் மணக்குது."

"மணக்கும். அப்பா வெள்ளிக்கிழமையைத் தவிர மீனில்லாமல் சோத்தில கை வச்சவரோ?" வாளித் தண்ணீரில் கையை அலசினாள். "நீ ஏன் வாசலில போய் இருந்தனி? அப்பாக்கு உன்னில ஒரு கோவமும் இல்லை. கோவம் எனக்குத்தான். அதுவும் சரி, முடிஞ்சுது. வா, எங்களுக்கும் பசிக்குது."

சோற்றுக் கிடாரத்தில் மிச்சமிருந்ததை மரத்தடியில் இருந்து சாப்பிட்டோம். அவள் குழைத்துத் தந்த கவளத்திலும் கொஞ்சம் மீன் மணந்தது. திவசமென்றும் பாராமல் விழுங்கினேன்.

புறப்படும் நேரம் ரொபர்ட் அண்ணன் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்தார். சாப்பாடு கொடுத்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நாய்களோடு படம் எடுக்க வேண்டுமாம். என் பெயரை எழுதினார். அடுத்தது நாடு.

"ஜெர்மனிதானே, தம்பி?"

நான் வாய் திறக்க முந்தி அக்கா சொன்னாள். "வெள்ளவத்தை."

"நான் நாட்டைக் கேட்டனான், தங்கச்சி."

"அதைத்தான் சொன்னனான். எழுதுங்கோ."

அவர் எழுதினார். என் சட்டைப் பைக்குள் ஜெர்மன் பாஸ்போர்ட், அதில் முப்பது நாள் விசா, அதிலும் நாலு நாள்தான் மிச்சம். நெஞ்சுக்கு முன்னால் வெள்ளவத்தை என்று எழுதிய பலகை. ஈரக் கையால் அக்கா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"சிரியடா" என்றாள். சிரித்தேன்.