பச்சைமலையில் நகராத கொடி

சர்வேயராக முப்பது வருஷம் காடு மேடெல்லாம் அளந்தவன் நான். வழி தப்பியது ஒரே ஒரு தடவைதான். அதுவும், யார் இடத்தை விட்டு நகர்ந்தாலும் வள்ளென்று விழுகிற நானே நகர்ந்ததால்.

ஐம்பதுகளின் கடைசி, மார்கழி மாதம். துறையூருக்கு மேலே பச்சைமலையில் கேம்ப். அளவுச் சங்கிலியும் குறிக்கொடியும் பிடிக்கிற என் செயின்மேன் மாணிக்கம் தொட்டியத்துக்காரர், என்னைவிட மூத்தவர். ஒரு நாள் கொடியைப் பாறையிடுக்கில் செருகிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கப் போய்விட்டார். தியோடலைட் என்ற அளவுக் கருவியில் பார்த்தால் கொடி சாய்ந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். அரை நாள் வேலை வீண்.

"கொடி இருக்கிற இடத்துலதான் ஆளும் இருக்கணும், மாணிக்கம்! நான் சொல்லாம எப்படி நகரலாம்?" என்று கத்தினேன்.

"தப்புதாங்க சார்" என்றார். என் கோபம் அடங்கவில்லை. அன்றே ரிப்போர்ட் எழுதிப் பையில் வைத்தேன். அது மேலதிகாரி கைக்குப் போனால் அவர் வேலை போய்விடும்.

மறுநாள் காலை அவரை உச்சிப் பாறையில் கொடியோடு நிறுத்திவிட்டு, கருவி வைக்க அடுத்த இடம் பார்க்க நான் மட்டும் இறங்கினேன். பத்து நிமிஷத்தில் மஞ்சு சூழ்ந்தது. நீட்டிய கை தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பக்கத்தில் ஓடைச் சத்தம் கேட்டது. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன் புத்தி எங்கே போகும்? எந்தத் தண்ணீரும் காவிரிக்குத்தானே வரும், கூடவே போனால் ஊர் வந்துவிடும் என்று இறங்கினேன்.

மலை ஓடை நம்மூர் வாய்க்கால் இல்லை. பாசியில் வழுக்கி இரண்டு ஆள் ஆழப் பள்ளத்தில் விழுந்தேன். கணுக்கால் உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. தவழ்ந்து எட்டிப் பார்த்தால், நாலடிக்கு அப்பால் ஓடை அந்தரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் தவழ்ந்து ஒரு பாறையில் சாய்ந்துகொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் மஞ்சு விலகியது. உச்சிப் பாறையில் கொடி நகம் அளவு தெரிந்தது. "மாணிக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அருவி இரைச்சலில் எடுபடவில்லை. மலை நிழல் பள்ளத்துக்குள் ஏற ஆரம்பித்தது. இருட்டிவிட்டால் குளிரும் கரடியும்தான். பையைத் துழாவினேன். முதலில் வந்தது அந்த ரிப்போர்ட், அடுத்து திருமண்பெட்டி. மத்தியானம் ஓடையில் குளித்துவிட்டு நாமம் இட்டுக்கொள்ள எடுத்துப்போவேன். "கரடி பாக்கவா சார் இவ்வளவு அலங்காரம்?" என்று மாணிக்கம் கேலி செய்வார். அதில் உள்ளங்கை அளவு கண்ணாடி இருந்தது.

வெயிலை அதில் வாங்கிக் கொடியை நோக்கி ஆட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. நிழல் என் முழங்காலுக்கு வந்தது. அவர் என்னைத் தேடி எங்கோ அலைகிறார், ஆளில்லாத கொடிக்கு வெளிச்சம் காட்டுகிறேன் என்று பயந்தேன். நிழல் மார்புக்கு ஏறியபோது கொடி மூன்று முறை ஆடியது. 'பார்த்துவிட்டேன்' என்பதற்கு எங்கள் சைகை அது. "ரங்கா!" என்று வாய்விட்டு அழுதேன்.

கடுக்காய் பொறுக்க வந்த மலைக்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு மாணிக்கம் வந்து சேர்ந்தார். ரேஞ்சிங் ராடு என்ற நீளமான அளவுக் கம்புகள் இரண்டில் கம்பளியைக் கட்டி என்னைத் தூக்கினார்கள்.

"காலைலேருந்து அங்கேயேவா நின்னீங்க?" என்று கேட்டேன்.

"தேடி வரணும்னு மனசு அடிச்சுக்கிச்சுங்க சார். மஞ்சுல நானும் இறங்கிட்டா யாரு யாரைத் தேடுறது? கொடி இருக்கிற இடத்துல ஆள் இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?" சற்று நடந்த பிறகு மெதுவாகக் கேட்டார், "நீங்க ஏன் சார் நகந்தீங்க?"

வெட்கமாக இருந்தது.

காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வழி தப்பினால் நின்ற இடத்திலேயே உட்காருங்கள். தேடுகிறவருக்குத் தெரிந்தது நீங்கள் கடைசியாக நின்ற இடம் மட்டும்தான்.

அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடக்கும்போது அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். அதுவாவது காவிரிக்குப் போய்ச் சேரட்டும்.